குழந்தைகளின் வீடு

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோரச் சிற்றூர்களில் குழந்தைகள் பலர், எவரும் இலக்கணம் கற்பிக்காமலே மலையாளமும் தமிழும் பேசத் தொடங்குகின்றனர். சூழலில் உள்ளதைத் தானே ஈர்த்துக்கொள்ளும் இவ்வாற்றலை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அவர் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், எதிர்ப்புகளைத் தாங்கி, 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், கவனிப்பாரற்ற குழந்தைகள் சுவர்களைப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் அடக்கி வைத்தால் போதும் எனக் கட்டட உரிமையாளர்கள் எண்ணினர். பொறுப்பேற்ற அம்மையாரோ, 1907 ஜனவரி 6 அன்று அங்கே ‘குழந்தைகளின் வீடு’ ஒன்றைத் தொடங்கினார். குழந்தைகளை அடக்காமல் அவர்தம் சூழலை மாற்றினார். சிறிய மேசை நாற்காலிகளும், கைக்கெட்டும் அலமாரிகளும், தொட்டுணரும் எழுத்துகளும் வந்தன. ஆசிரியை கட்டளையிடுவதைக் குறைத்து, கவனித்து உதவினார். முரடர் எனப்பட்டோர் அமைதியாகத் தம் வேலையில் ஆழ்ந்தனர். நான்கைந்து வயதினர் எழுதவும் கற்றனர். குறை குழந்தைகளிடம் இல்லை, வளர்ந்த சூழலில்தான் இருந்தது என்பது புலனாயிற்று.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவரது 70ஆம் பிறந்தநாளையொட்டியே மகன் விடுவிக்கப்பட்டார். அத்துயரிலும் அவர் கல்விப்பணியைக் கைவிடவில்லை. பின்னர்க் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து ஆராய்ந்தார். முதல் ஆறு ஆண்டுகளே மனிதனை உருவாக்குகின்றன என விளக்கும் அவரது ஆங்கில நூல் 1949இல் சென்னையில் வெளிவந்தது. 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் அவர் மறைந்தார்.

மாணவர்களே! அடுத்தமுறை உங்கள் ஊர் அங்கன்வாடிக்குச் செல்லும்போது, அங்குள்ள விளையாட்டுப் பொருள்கள் மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா என நோக்குங்கள்.

பயிற்சி

1. சான் லோரென்சோ குழந்தைகள் சுவர்களைப் பாழாக்கியது ஏன்?
2. அம்மையார் செய்த மாற்றங்கள் மூன்றினை எழுதுக.
3. நீ மொழிகளைக் கற்ற விதத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.