டம்ளர், தண்ணீர், வெளிச்சம்... வத்திராயிருப்பு கிருஷ்ணனின் கதை!

வாடிப்பட்டியில் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். உருண்டையான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்புங்க. ஒரு சாண் தள்ளி, பின்னால் அம்புக்குறி வரைந்த பேப்பரை நிறுத்துங்க. டம்ளர் வழியாக மொபைலில் போட்டோ எடுங்க. வலப்பக்கம் போன அம்பு, இடப்பக்கம் திரும்பியிருக்கும்!

மேஜிக் இல்லைங்க, ஒளிவிலகல். காற்றில் வரும் வெளிச்சம் கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் மாறும்போது வேகம் குறைந்து வளைகிறது. டம்ளரே லென்ஸாகிவிடுகிறது.

இதேபோல கண்ணாடி, திரவம், வெளிச்சத்தை வைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த கூட்டணியில் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார். கே.எஸ்.கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். நீங்கள் பஸ்ஸில் கடந்துபோகும் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர்.

கொல்கத்தா போய் சர் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரி. கண்ணாடிக் குடுவையில் சுத்தமான திரவம். அதற்குள் ஊதா ஃபில்டர் வழியாகச் சூரிய வெளிச்சம். பார்க்கும் பக்கம், அந்த ஊதாவை முழுசாக மறைக்கும் இன்னொரு ஃபில்டர். கணக்குப்படி இருட்டுதான் தெரியணும். ஆனால், மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. திரவத்தில் பட்டுச் சிதறிய ஒளியில் ஒரு பங்கு நிறம் மாறியிருந்தது! ஒன்றல்ல, சுமார் 60 திரவங்களில் சோதித்தார்கள். பிறகு பாதரச விளக்கின் ஒளியைப் பாய்ச்சி, சிதறியதைப் பட்டகத்தால் பிரித்து, போட்டோ தகட்டில் பதிவுசெய்தார்கள். புதுக் கோடுகள் விழுந்திருந்தன.

‘நேச்சர்’ இதழில் வந்த முதல் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. ஆனால், கண்டுபிடிப்புக்கு நிலைத்த பெயர் ‘ராமன் விளைவு’. 1930 நோபல் பரிசும் ராமனுக்கு மட்டுமே.

அதோடு கிருஷ்ணன் கதை முடியலை. டாக்கா போய், படிகங்களின் காந்தத்தன்மையை ஆராய்ந்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். சுதந்திர இந்தியாவில், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். இந்திய நேரத்தை இன்று துல்லியமாகக் கணித்துத் தருவது அதே ஆய்வகம்தான்! 1961-ல் மறைந்தார்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். அன்றைக்கு அந்த டம்ளர் போட்டோவை ஸ்டேட்டஸில் போடுங்க. ராமன் பெயருக்குப் பக்கத்தில் கிருஷ்ணன் பெயரையும் மறக்காமல் எழுதுங்க.