டிசைன் டாஸ்க் வந்திருக்கா? பாரதியின் கார்ட்டூன்களை ஒருமுறை பாருங்க!

வேலைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ விண்ணப்பித்தால், ஒரு போஸ்டர் செய்து அனுப்பச் சொல்லி டாஸ்க் வருகிறது. பலரும் உடனே கலரும் ஃபான்ட்டும் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனா, முதலில் தேட வேண்டியது சொல்லவேண்டிய விஷயத்தை. இதற்கு நல்ல உதாரணம், புதுச்சேரியில் 10 ஆண்டுகள் வாழ்ந்த பாரதியார். கவிஞராக நாம் அறிந்த அவர், தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் கார்ட்டூனுக்கும் முன்னோடி.

முதல் வேலை

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தார். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர் வேலை. அதே ஆண்டு சென்னை 'சுதேசமித்திரன்' நாளிதழில் துணை ஆசிரியர் ஆனார். இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவதுதான் முக்கிய வேலை. பெரிய விஷயத்தையும் சாதாரண வாசகருக்குப் புரியற மாதிரி சொல்லும் பயிற்சி அது.

யோசனை அவருடையது

1906-ல் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் அவருக்குச் சுதந்திரம் கொடுத்தது. சிவப்புத் தாள், முதல் பக்கத்தில் கார்ட்டூன். யோசனையைச் சொல்வது பாரதி, வரைவது ஓவியர். படத்தோடு விளக்கமும் அச்சாகும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் படிக்கவே தெரியாதவருக்கும் அரசியல் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

25 வயதில் புதுச்சேரி

1908-ல் அரசு வழக்குப் போட்டது. இதழின் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் கைதானார். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25. 'இந்தியா'வும் பின்னாலேயே வந்தது, கார்ட்டூன்களும் தொடர்ந்தன. வாசகர்களில் பெரும்பாலானோர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் பகுதியில். அங்கே இதழ் நுழையத் தடை வந்ததும், 1910 மார்ச்சோடு நின்றுபோனது. கார்ட்டூனுக்காகவே 'சித்திராவளி' என்றொரு இதழ் நடத்தத் திட்டமிட்டார்; அதுவும் நடக்கவில்லை.

கையில் பத்திரிகை இல்லாத அந்தக் காலத்தில்தான் 'பாஞ்சாலி சபதம்', 'குயில் பாட்டு' எல்லாம் பிறந்தன. 1918-ல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியபோது கடலூர் அருகே கைதாகி, சில வாரங்களில் விடுதலையானார். 1920-ல் மீண்டும் 'சுதேசமித்திரன்'. 1921 செப்டம்பரில், 38 வயதில் காலமானார்.

டாஸ்க்குக்கு என்ன எடுத்துக்கலாம்?

* யாருக்காக, எதற்காக என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அப்புறம் வரையுங்கள். அந்த வரி வரவில்லை என்றால் டாஸ்க் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். கூச்சப்படாமல் நிறுவனத்திடம் கேளுங்கள்.
* ஒரு படத்துக்கு ஒரு கருத்து போதும்.
* ஏன் இப்படிச் செய்தீர்கள் என்ற சின்ன விளக்கத்தைச் சேர்த்து அனுப்புங்கள். தேர்வு செய்பவர் உங்கள் யோசனையையும் பார்க்கிறார்.
* வேலை கிடைக்கவில்லை என்றால் டாஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். நிறுவனத்தின் அனுமதி இருந்தால் போர்ட்ஃபோலியோவில் சேருங்கள். நான்கே ஆண்டுகளில் நின்றுபோன 'இந்தியா'வின் கார்ட்டூன்களை, நூறு ஆண்டுகள் கழித்தும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.