டின் பாலுக்கு எதிராகக் குரல் கொடுத்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்

இன்று தே தாரிக் கலக்கப் பயன்படும் இனிப்பு டின் பால், ஒரு காலத்தில் கைக்குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்று நம் தாய்மார்களிடம் விற்கப்பட்டது. அதைத் துணிந்து எதிர்த்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். குழந்தை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற இவர், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றியவர், சாங்கிச் சிறையில் துன்பப்பட்டவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சிசிலி 1893ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த காலம் அது. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் மருத்துவக் கல்லூரிகளில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்ட சிசிலி, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1923இல் டாக்டரானார். லண்டனில் ஏழைக் குழந்தைகளுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, குழந்தையின் நோயைக் குணப்படுத்த அதன் வீட்டு நிலைமையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை உணர்ந்தார்.

1929இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவரை ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டுக்கு அனுப்பியது. இன்றைய கானா நாடு அது. அங்கே ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி இறந்துகொண்டிருந்தனர். மற்ற டாக்டர்கள் அதற்கு வேறு நோயின் பெயரைச் சொன்னார்கள். சிசிலியோ தாய்மார்களிடமே கேட்டார். அவர்கள் அதைக் குவாஷியோர்கோர் என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

நம் பாட்டிமார்களுக்கும் இது தெரியாத ஒன்றல்ல. தாய் மறுபடியும் கருவுற்றதால் பால் குறைந்து மெலிந்துபோகும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்று தமிழர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

தாய்ப்பால் நின்றபின் வெறும் சோளக் கஞ்சியை மட்டும் கொடுப்பதால், போதிய புரதச்சத்து இல்லாமல் இந்த நோய் வருகிறது என்று சிசிலி கருதினார். 1933இலும் 1935இலும் மருத்துவ இதழ்களில் இதைப் பற்றி எழுதினார். பெரிய டாக்டர்கள் சிலர் அதை ஏற்க மறுத்தனர். ஆனால் தாய்மார்கள் சொன்ன அந்தப் பெயர்தான் இன்றும் மருத்துவ நூல்களில் இருக்கிறது. மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாத சிசிலி, 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார்.

சிங்கப்பூரில் பாடம் நடத்திக்கொண்டே குழந்தைகளைக் கவனித்த அவர், இங்கு வேறொரு கொடுமையைக் கண்டார். ஆப்பிரிக்காவில் இரண்டாவது வயதில் வந்த ஆபத்து, இங்கு பிறந்த சில வாரங்களிலேயே வந்தது. பால் நிறுவனங்கள் தாதியர்போல் உடுத்திய பெண்களை அனுப்பி, தாய்ப்பாலைவிட டின் பாலே சிறந்தது என்று தாய்மார்களை நம்பவைத்தன. அந்த இனிப்புப் பாலில் சீனி அதிகம். குழந்தை வளரத் தேவையான ஊட்டச்சத்து போதுமான அளவு இல்லை. கொழுப்பு நீக்கிய டின் பாலில் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று எழுதியிருக்க வேண்டும் என்பது அன்று பிரிட்டனில் சட்டம். இங்கே படிப்பறிவில்லாத ஏழைத் தாய்க்கு அதை யார் சொல்வது? அசுத்தமான தண்ணீரில் கலக்கி, சுத்தம் செய்யாத புட்டியில் கொடுத்ததால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பேச அவருக்கு அழைப்பு வந்தது. ஊரின் பெரிய வணிகர்களும் அதிகாரிகளும் கூடும் சபை அது. தம் உரைக்கு அவர் வைத்த தலைப்பு, பாலும் கொலையும். தவறான பிரசாரத்தால் குழந்தைகள் இறப்பதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அந்தச் சபையிலேயே அவர் சொன்னார். அரசாங்க வேலையில் இருந்த ஒரு பெண் அன்று அப்படிப் பேசுவதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

அவர் தாய்மார்களைக் குறை சொல்லவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன நம் தோட்டத்துத் தாய்மார்களை நினைத்தால் இது விளங்கும். பசித்த குழந்தைக்கு நேரத்துக்கு வந்து பால் கொடுக்க அவர்களால் எப்படி முடியும்? தாய்க்கு ஓய்வும் உணவும் உதவியும் இல்லாமல் குழந்தையை மட்டும் காப்பாற்ற முடியாது என்பதே சிசிலியின் கொள்கை. குழந்தைக்கு மருந்து கொடுத்து அதே வறுமைக்குத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தாதியர் வீடு தேடிப் போக வேண்டும், தாயையும் சேயையும் ஒரே இடத்தில் கவனிக்க வேண்டும், நோய் வருமுன் தடுக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

1941இல் திரங்கானுவுக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டு இறுதியில் ஜப்பானியர் படையெடுத்ததும் காட்டு வழியாகத் தப்பி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. சாங்கிச் சிறையில் மற்றப் பெண்களோடும் குழந்தைகளோடும் அடைக்கப்பட்டார். அங்கே பெண்கள் முகாமின் தலைவர்களில் ஒருவராகவும் பொறுப்பு வகித்தார். 1943இல் ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் அவர்மீது சந்தேகப்பட்டு இழுத்துச் சென்று, பல மாதங்கள் கூண்டில் அடைத்து வதைத்தது. 1945இல் போர் முடிந்தபோது அவர் நோயுற்று உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். பெரிபெரி நோயால் கால்களில் ஏற்பட்ட மரத்துப்போன உணர்வு பின்னாளிலும் அவரை விடவில்லை.

அந்தச் சிறை வாழ்க்கையிலும் அவர் ஓர் உண்மையைக் கண்டார். முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன, 20 பேருக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது, 20 பேரும் உயிர் பிழைத்தனர் என்று பின்னர் அவர் பதிவு செய்தார். டின் பாலுக்கு வழியே இல்லாத இடத்தில், அரைப்பட்டினி கிடந்த தாய்மார்களால் அது முடிந்தது. ஒருவருக்கொருவர் துணையாக இருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது.

உடல் தேறியதும் அவர் மறுபடியும் மலாயாவுக்கே வந்து, தாய் சேய் நலப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். பின்னர் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். தள்ளாத வயதிலும் பல நாடுகளுக்குச் சென்று கற்பித்தார்.

1981இல் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பால் வகைகளின் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கும் அனைத்துலக நெறிமுறையை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது. சிங்கப்பூரில் சிசிலி குரல் எழுப்பி 42 ஆண்டுகளுக்குப் பிறகு அது நடந்தது. தாய்ப்பாலுக்காகப் பாடுபடும் உலகக் கூட்டமைப்பு 1991இல் நம் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை நடக்கும் தாய்ப்பால் வாரத்தை அதுவே முன்னின்று நடத்துகிறது. 1992 ஜூலை 13ஆம் தேதி, தமது 98ஆவது வயதில் சிசிலி ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

இன்று மலேசியாவில் பிரசவமான தாயை அரசாங்கத் தாதியர் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். 2023 முதல் தனியார் துறையிலும் பிரசவ விடுமுறை 98 நாளாக உயர்ந்திருக்கிறது. ஆனால் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் பால் எடுத்து வைக்க ஓர் அறை உண்டா, நம்பி விட்டுப்போக ஒரு குழந்தைக் காப்பகம் உண்டா, வீட்டில் கைகொடுக்க ஆள் உண்டா என்ற கேள்விகள் தோட்டத்திலும் பட்டணத்திலும் இன்னும் இருக்கின்றன. நமது ஆலயங்களும் மாதர் அமைப்புகளும் குடியிருப்புச் சங்கங்களும் கவனிக்க வேண்டிய வேலை இது. பக்கத்து வீட்டில் புதிதாகப் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொடுப்பதிலிருந்தே அதைத் தொடங்கலாம்.