ஹோமி பாபா: அணுவோடு பாதுகாப்பையும் வளர்த்தவர்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுக்கப் போனால், அங்கே வேலை பார்ப்பவரின் சட்டையைக் கவனியுங்கள். நெஞ்சருகே டி.எல்.டி. பேட்ஜ் என்ற சிறிய அட்டை இருக்க வேண்டும். அவர் மீது எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அது பதிவு செய்கிறது. இந்த ஒழுங்குக்கு நம் நாட்டில் அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

1909 அக்டோபர் 30 அன்று மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். பொறியியல் படிக்கக் கேம்பிரிட்ஜ் போனவரின் மனம் இயற்பியலில் ஒட்டிக்கொண்டது. 1939இல் விடுமுறைக்கு வந்தபோது உலகப் போர் மூண்டது; திரும்ப முடியவில்லை. நம் பக்கத்துத் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் இருந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1948இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956 ஆகஸ்ட் 4இல் டிராம்பேயில் 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது.

வேகமாக வளரும் இடத்தில் பாதுகாப்பு பின்தங்குவது வழக்கம். பாபா அதற்கு இடம் தரவில்லை. 1960 பிப்ரவரியில் டிராம்பே ஊழியர்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். கதிரியக்கப் பொருளைக் கையாளும்போது ஊழியருக்கோ வெளியாருக்கோ தீங்கு வரக்கூடாது. அதோடு, மற்ற நிறுவனங்கள் பார்த்துப் பின்பற்றும் அளவுக்கு முன்மாதிரியாக நடக்க வேண்டும் என்பதே அதன் சாரம். விதிக்குப் பயந்து நடப்பது வேறு, பொறுப்பாக எண்ணி நடப்பது வேறு. அவர் கேட்டது இரண்டாவதை. ஏ.கே.கங்குலி தலைமையில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கென்றே தனிப்பிரிவும் அங்கே வளர்ந்தது.

1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நடந்த ஏர் இந்தியா விமான விபத்தில் பாபா இறந்தார். அப்போது வயது 56. மறு ஆண்டு டிராம்பே மையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அனுமதி தருவதும் கண்காணிப்பதும் இந்த வாரியமே. ஊழியருக்கான கதிர்வீச்சு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது.

பேட்ஜை மேசை டிராயரில் போட்டுவிட்டு வேலை செய்தால் இந்த வரம்புக்குப் பொருளில்லை. நம் குடியிருப்பிலும் ஆய்வகங்களில், மருத்துவமனைகளில் பணிபுரியும் பிள்ளைகள் இருக்கலாம். பேட்ஜ் போட்டாயா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். குறை கண்டால் தயங்காமல் மேலதிகாரியிடம் சொல்லச் சொல்லுங்கள். நாம் ஸ்கேனுக்குப் போகும்போது துணைக்கு வந்தவர் தேவையின்றி அறைக்குள் நிற்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தால், இருக்கக்கூடும் என்றாலும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.