ரோமாபுரியில் படித்தவர் வடக்கன்குளத்தில் மாணவர் ஆனார்!

தென்காசியில் இருந்து குற்றாலத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது இலஞ்சி. மேற்கே மலை. சுற்றிலும் நெல் வயல். சிற்றாற்றங்கரையில் குமாரர் கோவில்.

இலஞ்சியில் இருந்து மலையடிவாரத்தை ஒட்டியே தெற்கு நோக்கிப் போனால் கடையம், அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர் எல்லாம் தாண்டி வடக்கன்குளம் வரும். அது நெல்லைச் சீமையின் தென்கோடி.

1940-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் இளம் பாதிரியார் ஆசிரியராக வந்தார். ரோமாபுரியில் 5 ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றவர். இத்தாலிய மொழி தெரியும். லத்தீன் தெரியும். ஆங்கிலம் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் தமிழ் இலக்கியம் மட்டும் தெரியாது!

இத்தனைக்கும் அவர் தமிழர்தான். வீட்டில் பேசியதும் தமிழ்தான். ஆனால் தமிழ் நூல்களை முறையாகப் பாடம் கேட்டவர் அல்ல.

அவர்தான் பிற்காலத்தில் உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்து ஊன்றிய தனிநாயகம் அடிகள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை

இலங்கையில், யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் கரம்பன் என்ற ஊர் உண்டு. அங்கே 1913 ஆகஸ்டு 2-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது முன்னோர் ஒருவரின் பெயர். பின்னாளில் அதைத் தம் பெயராக வைத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். அந்தக் காலத்தில் அங்கே எல்லாம் ஆங்கிலப் படிப்பு. பிறகு குருவாக வேண்டும் என்று கொழும்பில் 3 ஆண்டுகள் பயிற்சி.

1934-ம் ஆண்டு ரோமாபுரிக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21.

பாணும் சாவியும்

அவர் சேர்ந்த கல்லூரி போப்பாண்டவர் 8-வது உர்பன் 1627-ல் நிறுவியது. பல நாட்டு மாணவர்கள் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் இடம்.

வகுப்பில் பாடம் லத்தீனில் நடக்கும். வாசலைத் தாண்டினால் இத்தாலிய மொழி. கடையில் ஒரு சாமான் வாங்குவதென்றாலும் அது வேண்டும்.

இத்தாலிய மொழி லத்தீனின் மகள். அதில் பெரும்பாலான சொற்கள் உயிர் ஓசையில் முடியும். தமிழன் நாக்குக்கு அது அத்தனை கஷ்டம் தராது. அதிலும் யாழ்ப்பாணத்துத் தமிழனுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே ரொட்டியைப் பாண் என்பார்கள். அது போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொல். இத்தாலியில் ரொட்டிக்குப் பெயர் பானே! நாம் தினமும் கையில் எடுக்கும் சாவியும் போர்ச்சுக்கீசியச் சொல்தான். இத்தாலியர் அதைக் கியாவே என்கிறார்கள். எல்லாம் லத்தீன் வீட்டுச் சொந்தங்கள்.

இத்தாலியில் படிக்கப் போகிறவன் தாந்தேயின் பெயரைக் கேளாமல் திரும்ப முடியாது. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பு, படித்தவர்கள் எல்லாம் லத்தீனில் எழுதியபோது, ஊர் மக்கள் பேசும் மொழியில் பெருங்காவியம் பாடிய கவிஞர் அவர். இத்தாலியர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். அதைப் பார்க்கும் தமிழ் மாணவனுக்குத் தன் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தேடத் தோன்றாதா?

ரோமாபுரியிலேயே ஒரு தமிழ்ச் சங்கம் தொடங்கினார் அவர். அதற்கு வைத்த பெயர் வீரமாமுனிவர் கழகம்.

பெயரைக் கவனியுங்கள். வீரமாமுனிவர் இத்தாலியர். வட இத்தாலியில் மாந்துவா பக்கத்தில் 1680-ல் பிறந்தவர். 1710-ல் கோவாவில் கப்பல் இறங்கித் தமிழ்நாட்டுக்கு வந்தார். காமநாயக்கன்பட்டியில் பணி செய்தார். தமிழைத் துறைபோகக் கற்றுத் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் இலஞ்சிக்குப் பக்கத்து மேலகரத்தில் திரிகூடராசப்பக் கவிராயரும் வாழ்ந்தார். குற்றாலக் குறவஞ்சி பாடினார்.

மீண்டும் மாணவர்

1938-ல் குருப்பட்டம் பெற்ற அடிகள், 1939-ல் ரோமாபுரிப் படிப்பை முடித்தார். பிறகுதான் வடக்கன்குளம்.

அங்கே அவர் செய்த காரியம் எல்லோராலும் ஆகாது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய கையோடு, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தாமே மாணவராகப் போய்ச் சேர்ந்தார். பாதிரியார் பாடம் கேட்டார். ஐயர் தமிழ் சொல்லிக் கொடுத்தார். சுமார் 4 ஆண்டுகள் வடக்கன்குளத்தில் இருந்தார்.

அதுவும் போதவில்லை. 1945-ல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அப்போது வயது 32. அதன் பிறகு எம்.லிட். பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள், சங்கப் பாட்டில் இயற்கை. மலை என்றால் குறிஞ்சி, வயல் என்றால் மருதம் என்று நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்க்கையைப் பாடினார்கள் நம் முன்னோர். இலஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவை இல்லை. வாசலில் நின்றாலே மலையும் தெரியும், வயலும் தெரியும். ஆனால் கிரேக்க, லத்தீன் கவிகளையும் கற்றவர் ஒருவர் அவற்றின் பக்கத்தில் வைத்து ஆங்கிலத்தில் சொன்னபோதுதான், மேல்நாட்டுப் படிப்பாளிகள் பலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கிடைத்தது அகராதி!

1952 முதல் தமிழ்ப் பண்பாடு பற்றி ஆங்கிலத்தில் ஓர் இதழ் நடத்தினார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்தார். இடையிடையே நாடு நாடாகச் சுற்றினார். ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடினார். ரோமாபுரியில் கற்ற மொழிகள் இங்கேதான் கைகொடுத்தன.

வத்திக்கான் நூலகத்தில் ஒரு புதையல் அகப்பட்டது. புரோயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்ச்சுக்கீசிய அகராதி அது. அவர் 1666-ல் இறந்துவிட்டார். 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டில் அது அச்சானது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 300 ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அதில் சாட்சி இருக்கிறது. 1966-ல் அடிகள் அதை அப்படியே படம் எடுத்துப் பதிப்பித்தார். வீரமாமுனிவர் 1747-ல் கண்மூடியதும் அதே அம்பலக்காட்டில்தான்.

1964 ஜனவரியில் டெல்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. அதற்கு முன் நின்றவர் அடிகள். 1966-ல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. 1968-ல் சென்னையில் இரண்டாவது. அந்த மாநாட்டை ஒட்டி மெரினா கடற்கரையில் தமிழ்ப் பெரியோர்களுக்குச் சிலைகள் வைத்தார்கள். அந்த வரிசையில் வீரமாமுனிவரும் நிற்கிறார். 30 ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் ஒரு மாணவர் தம் சங்கத்துக்குச் சூட்டிய பெயர், இப்போது கடற்கரையில் கல்வெட்டாக!

1970-ல் பாரிஸ், 1974-ல் யாழ்ப்பாணம் என்று மாநாடுகள் தொடர்ந்தன. அடிகள் கடைசிக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டார். 1980 செப்டம்பர் 1-ந் தேதி, 67-வது வயதில் காலமானார்.