ஆமோஸ்: ஒரு சோடிக் காலணிக்காக ஏழையை விற்றவர்களிடம் பேசிய இறைவாக்கினர்

பொதுக்காலத்தின் ஒருசில ஞாயிறுகளில் மட்டுமே இறைவாக்கினர் ஆமோசின் நூலிலிருந்து நமக்கு வாசகம் கிடைக்கிறது. ஒன்பதே அதிகாரங்கள் கொண்ட சிறிய நூல் அது. ஆயினும் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் வாழும் நாம் அவரை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனித்துக் கேட்க வேண்டும். ஏனெனில் ஏழை ஒருவரின் விலை ஒரு சோடிக் காலணியாகிவிட்டதே என்று வேதனைப்பட்டவர் அவர் (ஆமோ 2:6, 8:6). நம் ஊர்களிலோ காலணிதான் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

ஆட்டுக்கிடையிலிருந்து வந்தவர்

எருசலேமுக்குத் தெற்கே, யூதாவின் மலைப்பகுதியில் உள்ள தெக்கோவா என்ற சிற்றூரே ஆமோசின் ஊர். ஆடு மேய்ப்பதும், காட்டு அத்தி மரங்களைப் பராமரிப்பதும் அவரது தொழில். குருகுலத்தில் பிறந்தவரல்லர், இறைவாக்கினர் குழுவில் பயிற்சி பெற்றவருமல்லர். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 760 ஆண்டுகளுக்கு முன், ஆண்டவர் அவரை ஆட்டு மந்தையிலிருந்து அழைத்து, எல்லை கடந்து வடக்கே இஸ்ரயேல் அரசுக்கு அனுப்பினார்.

அப்போது அங்கே ஆண்டவன் இரண்டாம் எரொபவாம். போர்களில் வெற்றி, விரிந்த எல்லைகள், பெருகிய வாணிபம் என்று நாடு செழித்திருந்தது. செல்வர்கள் தந்தத்தால் அழகுபடுத்திய கட்டில்களில் சாய்ந்திருந்தார்கள். குளிர்காலத்துக்கு ஒரு வீடு, கோடைக்கு ஒரு வீடு என்று வைத்திருந்தார்கள். ஆலயங்களில் பலிகளும் பாடல்களும் குறைவின்றி நடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடவுள் அந்நாட்டை ஆசீர்வதித்திருக்கிறார் என்றே தோன்றியிருக்கும்.

ஆமோஸ் அதே நாட்டை ஏழையின் வாசற்படியில் நின்று பார்த்தார். சிறு கடனுக்காக மனிதர் அடிமையாக விற்கப்பட்டனர். அடகாக வாங்கிய ஏழையின் மேலாடையை விரித்து, பலிபீடத்தின் அருகிலேயே படுத்துக்கொண்டார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று வணிகர் காத்திருந்தார்கள். அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கோதுமைப் பதரையும் காசாக்கினார்கள். நகர வாயிலில் நீதி கேட்டு நின்ற எளியவரைக் கையூட்டு தோற்கடித்தது.

பெத்தேலில் நடந்தது

ஆமோசின் நூல் அண்டை நாடுகளின் குற்றங்களிலிருந்து தொடங்குகிறது. தமஸ்கு, காசா, தீர், ஏதோம், அம்மோன், மோவாபு என்று ஒவ்வொன்றாகக் கண்டித்து, பிறகு தம் சொந்த நாடான யூதாவையும் கண்டித்து, கடைசியாக இஸ்ரயேலுக்கு வருகிறார். பிறர் குற்றத்தைக் கேட்டு மகிழ்ந்தவர்கள், தங்கள் முறை வந்ததும் முகம் சுளித்திருப்பார்கள். நாமும் அப்படித்தானே!

பெத்தேல் ஆலயத்தின் குரு அமட்சியாவால் அவரது சொற்களைப் பொறுக்க முடியவில்லை. ஆமோஸ் அரசனுக்கு எதிராகச் சதி செய்கிறார் என்று ஆள் அனுப்பிப் புகார் செய்தார். யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள்ளும்படியும், அரசனின் திருத்தலத்தில் இனிப் பேசவேண்டாம் என்றும் கட்டளையிட்டார். ஆமோஸ் பின்வாங்கவில்லை. தாம் பிழைப்புக்காகப் பேசுபவரல்லர், ஆண்டவர் அனுப்பியதால் வந்தவர் என்று பதிலளித்தார் (ஆமோ 7:10-15).

அவர் இரக்கமற்றவரல்லர். வெட்டுக்கிளிகளையும் நெருப்பையும் காட்சியில் கண்டபோது, இச்சிறிய மக்களை மன்னியும் என்று இருமுறை கடவுளிடம் மன்றாடினார். ஆனால் நீதியில்லாத வழிபாட்டைக் கடவுள் ஏற்கமாட்டார் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. திருவிழாக்களும் பாடல்களும் வேண்டாம். நீதி வற்றாத ஆறாய் ஓட வேண்டும் என்பதே அவர் கொண்டுவந்த செய்தி (ஆமோ 5:21-24). மக்கள் கேட்கவில்லை. கி.மு. 722 அளவில் அசீரியர் சமாரியாவைக் கைப்பற்ற, அந்த அரசு அழிந்தது.

பாலாற்றங்கரையில் ஆமோஸ்

வற்றாத ஆறு என்று கேட்டதும் நமக்குப் பாலாறு நினைவுக்கு வருகிறது. தோல் கழிவால் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்ற ஆய்வு, 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. 29 ஆண்டுகள் ஆகப்போகும் நிலையில், 2025 ஜனவரி 30 அன்றும் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி, அதை மாசுபடுத்தியவரிடமிருந்து வசூலிக்குமாறு அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

தோல் தொழில் இழிவானதன்று. திருத்தூதர் பேதுரு யாப்பா நகரில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில்தான் பல நாள் தங்கினார் (திப 9:43). அந்தத் தொழிலைச் செய்பவரைத் தாழ்வாகப் பார்க்கும் சாதிப் பார்வைதான் இழிவானது. ஆமோஸ் கேட்பது ஒன்றே: அந்தச் சோடிக் காலணியின் விலையில் மனிதருக்கு என்ன பங்கு? ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் வேன் ஏறும் பெண்ணுக்கும், சோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் தாய்க்கும் உரிய கூலி கிடைக்கிறதா?

முதலாளிகளை மட்டும் சுட்டிக்காட்டி நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் வீட்டில் வேலை செய்பவருக்கு நாம் தரும் சம்பளம், நம் கடையின் தராசு, வட்டிக்கு விட்ட பணம் ஆகியவையும் பலிபீடத்தின் முன் வந்து நிற்கின்றன. தேர்த் திருவிழாவுக்குத் தாராளமாக நன்கொடை தந்துவிட்டு, தொழிலாளியின் கூலியைப் பிடித்துக்கொள்பவரை நம் பங்கு எப்படி நடத்துகிறது? நன்கொடைக்காக மௌனம் காத்தால், நாம் அமட்சியாவின் பக்கம் நிற்கிறோம்.

ஆமோசின் நூல் அழிவோடு முடியவில்லை. பாழான நகர்கள் மீண்டும் எழும். நட்டவரே திராட்சைத் தோட்டத்தின் கனியை உண்பார்கள் என்ற நம்பிக்கையோடு முடிகிறது (ஆமோ 9:11-15). மண்ணும் நீரும் ஏழையின் கூலியும் மீட்கப்படுவதே அந்த நம்பிக்கை. அடுத்த ஞாயிறு திருப்பலியில் காணிக்கை எடுத்துச் செல்லும் முன், யாருக்காவது நாம் தரவேண்டிய கூலி பாக்கி இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்போம். இருந்தால் அதை முதலில் கொடுத்துவிட்டு, பலிபீடத்தை அணுகுவோம்.