முகில் மறைத்த வெள்ளி

நுழையும்முன்

புதுச்சேரிக்கு வடக்கே, இடையஞ்சாவடியின் செம்மண் மேட்டிலிருந்து மரக்காணத்து உப்பளங்கள் வரை நீளும் நிலப்பகுதி, வானை நம்பி வாழும் பகுதியாகும். வெயில் காய்ந்தால்தான் பாத்தியில் உப்பு விளையும். எதிர்பாராது பெய்யும் ஒரு மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். இக்கரையில், ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு காலைப்பொழுதின் தெளிந்த வானுக்காகத் தம் வாழ்வின் ஒன்பது ஆண்டுகளை ஒப்படைத்தவர் ஓர் ஐரோப்பிய அறிஞர். வெள்ளிக் கோளைத் தேடிக் கடல் கடந்து வந்த கியோம் லெ ஜாந்தியின் வரலாறு, அறிவியல் வரலாற்றின் ஒரு பகுதி. தமிழ் மண்ணின் கணித மரபை உலகம் அறிந்த வரலாற்றின் ஒரு பகுதியும் ஆகும்.

இளமையும் கல்வியும்

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியிலுள்ள குத்தான்சு நகரில் 1725ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் லெ ஜாந்தி பிறந்தார். சமயக்கல்வி பயின்று திருப்பணியாளர் ஆகும் எண்ணத்துடன் பாரிசு நகருக்கு வந்தார். அங்கு வானியல் அறிஞர் தெலீல் ஆற்றிய சொற்பொழிவுகள் அவருடைய வாழ்வின் திசையை மாற்றின. இளைஞரின் ஆர்வத்தைக் கண்ட ழாக் காசினி, அவரைப் பாரிசு வான் ஆய்வகத்தில் பயிற்சி பெற அழைத்தார்.

காசினி குடும்பத்தின் பெயர் கோள் ஆய்வோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. ழாக் காசினியின் தந்தை ஜோவான்னி காசினி, வியாழனின் முகத்தில் தென்படும் புள்ளிகள் நகர்வதைத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்தவர். அக்கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர 10 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது என 1665இல் அவர் கணித்தார். கோள்கள் வெறும் ஒளிப்புள்ளிகள் அல்ல, சுழலும் உலகங்கள் என்பதைக் கண்ணால் கண்டு நிறுவிய மரபு அது. அம்மரபில் பயின்ற லெ ஜாந்தி, 1749இல் ஆந்திரமேடா விண்மீன் திரளின் துணைத் திரள் ஒன்றைக் கண்டறிந்தார். 1753இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

வெள்ளி இடைநகர்வு

பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வெள்ளி நேர்கோட்டில் வரும்பொழுது, சூரிய வட்டத்தின்மீது சிறு கரும்பொட்டாக அது ஊர்ந்து செல்வதைக் காணலாம். இதுவே வெள்ளி இடைநகர்வு எனப்படும். எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தபின், நூறாண்டுகளுக்கு மேல் இது நிகழ்வதில்லை. 18ஆம் நூற்றாண்டில் 1761, 1769 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டுமே இந்நிகழ்வு வாய்த்தது.

சூரியன் பூமியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது அக்காலத்தில் துல்லியமாக அறியப்படவில்லை. கோள்களின் தொலைவுகளுக்கு இடையிலான விகிதம் தெரிந்திருந்தது. உண்மையான அளவு தெரியவில்லை. முகத்திற்கு நேரே நீட்டிய கட்டைவிரலை ஒரு கண்ணால் நோக்கிப் பின் மறு கண்ணால் நோக்கினால், விரல் பின்புலத்தில் இடம்மாறித் தோன்றும். அதுபோலவே, பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து நோக்குவோருக்கு வெள்ளி சூரியன்மீது வெவ்வேறு பாதையில் செல்வதாகத் தோன்றும். அந்த வேறுபாட்டை நேரக்கணக்கில் அளந்தால் சூரியனின் தொலைவைக் கணிக்கலாம் என ஆங்கிலேய அறிஞர் எட்மண்ட் ஹேலி 1716இல் எடுத்துரைத்தார். 1742இல் மறைந்த அவர், தாம் வகுத்த வழி செயற்படுவதைக் காணவில்லை. உலகின் பல மூலைகளுக்கும் அறிஞர்களை அனுப்பும் பணியை அடுத்த தலைமுறை ஏற்றது. புதுச்சேரிக்குச் செல்லும் பொறுப்பு லெ ஜாந்திக்கு வாய்த்தது.

போர் மறித்த பயணம்

1760ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் லெ ஜாந்தி பிரெசுட்டு துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். சூலை மாதத்தில், இன்று மொரீசியசு எனப்படும் தீவை அடைந்தார். அப்பொழுது பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரி செல்லும் கப்பல் எளிதில் கிடைக்கவில்லை. 1761 மார்ச்சு மாதத்தில்தான் போர்க்கப்பல் ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. பருவக்காற்று மாறி அடித்ததால் கப்பல் கடலில் அலைக்கழிந்தது. மலையாளக் கரையிலுள்ள மாகியை நெருங்கியபொழுது, புதுச்சேரி சனவரி மாதத்திலேயே ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டது என்னும் செய்தி எட்டியது. கப்பல் வந்த வழியே திரும்பியது.

1761 சூன் 6ஆம் நாள் வெள்ளி சூரியனைக் கடந்தபொழுது, லெ ஜாந்தி இந்தியப் பெருங்கடலின் நடுவே இருந்தார். வானம் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் நிலையாக ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் நெட்டாங்கும் துல்லியமாகத் தெரியாது. நேரமும் இடமும் அறியாத காட்சி கணக்கிற்கு உதவாது. கண்ணுக்கு விருந்தான வெள்ளி, கணிதத்திற்கு எட்டாமல் போனது. அதே நாளில் சென்னையில் வில்லியம் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர் அந்நிகழ்வை உற்றுநோக்கிப் பதிவுசெய்தார்.

எட்டாண்டுக் காத்திருப்பு

மற்றவராயின் ஊர் திரும்பியிருப்பர். லெ ஜாந்தியோ அடுத்த இடைநகர்வு வரை கீழைக்கடல் பகுதியிலேயே தங்க முடிவுசெய்தார். அந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மடகாசுகர் தீவின் கிழக்குக் கரையை அளந்து வரைபடம் வரைந்தார். காற்று, கடல் நீரோட்டம், மக்களின் வழக்கங்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்தார். 1769ஆம் ஆண்டு நிகழ்வைக் காண ஏற்ற இடம் மணிலா எனத் தேர்ந்து, 1766இல் அங்குச் சென்றார். அங்கிருந்த எசுப்பானிய ஆளுநர் அவரிடமிருந்த ஆவணங்களை ஐயுற்றார். பாரிசிலுள்ள அறிஞர்களும் புதுச்சேரியையே பரிந்துரைத்தனர். போர் முடிந்து புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்ததால், 1768 மார்ச்சு 27ஆம் நாள் அவர் அங்கு வந்து சேர்ந்தார்.

போரில் தகர்க்கப்பட்ட கோட்டையின் இடிபாடுகள்மீது, ஆளுநர் லா தெ லோரிசுத்தோன் அவருக்கு ஓர் ஆய்வகம் அமைத்துத் தந்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் நல்லதொரு தொலைநோக்கியை இரவலாக அனுப்பினர். கோட்டையைத் தகர்த்த நாட்டாரே அதன் இடிபாட்டின்மேல் நின்று வானை நோக்கக் கருவி வழங்கினர். இடைநகர்வு தொடங்குவது புதுச்சேரியில் இரவு நேரமாதலால் தெரியாது. சூரியன் உதித்தபின் வெள்ளி வட்டத்தை விட்டு வெளியேறும் கணத்தை மட்டுமே அளக்க முடியும். அந்த ஒரு கணம் பயன்பட வேண்டுமாயின் ஊரின் நெட்டாங்கு பிழையின்றித் தெரிந்திருக்க வேண்டும். எனவே, வானை நாள்தோறும் நோக்கிப் புதுச்சேரியின் இடத்தைக் கணிக்கும் பணியில் அவர் ஈடுபட்டார்.

தமிழ்க் கணிதரிடம் பெற்ற பாடம்

இக்காலத்தில் தமிழர் கிரகணங்களைக் கணிக்கும் முறை லெ ஜாந்தியின் கருத்தை ஈர்த்தது. புதுச்சேரித் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து அதனைக் கற்றார். அவர்கள் தாளும் எழுதுகோலும் இன்றி, சோழிகளைத் தரையில் பரப்பி நகர்த்தியே கணக்கிட்டனர்; அட்டவணைகளை வாய்பாடுகளாக மனத்தில் வைத்திருந்தனர். அவர்களுடைய விரைவும் எளிமையும் ஐரோப்பிய அறிஞரை வியப்பில் ஆழ்த்தின.

வியப்போடு நில்லாமல் அம்முறையை அவர் சோதித்தும் பார்த்தார். 1765 ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த நிலவு மறைப்பின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்தபொழுது, உண்மையான அளவினும் 41 நொடிகளே குறைந்தது. ஐரோப்பாவில் மிகச் சிறந்தவையாகப் போற்றப்பட்ட தோபியாசு மேயரின் அட்டவணைகளோ 68 நொடிகள் மிகுத்துக் காட்டின. தாம் கற்ற கணித முறையை அவர் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் வழியே வெளியிட்டார். 1787இல் பாய்யி என்னும் அறிஞர் எழுதிய இந்திய வானியல் நூலுக்கு அது முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

அந்தக் காலைப்பொழுது

1769ஆம் ஆண்டு மே மாதம் முழுவதும் புதுச்சேரியின் காலை வானம் மாசின்றி விளங்கியது. சூன் 3ஆம் நாள் முன்னிரவில், ஆளுநரோடு சேர்ந்து வியாழனின் துணைக்கோளைத் தொலைநோக்கியில் கண்டார். மறுநாள் வெற்றி உறுதி என்றே தோன்றியது. ஆனால் பின்னிரவில் விழித்தெழுந்தபொழுது, வானெங்கும் மேகம் கவிந்திருந்தது. விடியற்காலையில் காற்று வீசியபொழுது மேகம் கலையும் என்னும் நம்பிக்கை பிறந்தது. காற்று வலுத்துச் சூறையாயிற்று, மேகம் விலகவில்லை. ஏழு மணியளவில் வெள்ளி சூரியனை விட்டு வெளியேறியபொழுது, வானில் ஒரு வெண்மையான மங்கல் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் திரை விலகியது. அன்று பகல் முழுவதும் சூரியன் ஒளிவீசியது. அவர் விட்டுவந்த மணிலாவில் அக்காலைப்பொழுது தெளிவாக இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தார்.

மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பது நம் நாட்டுப் பழமொழி. முதல்முறை காற்றாலும் போராலும், இரண்டாம் முறை முகிலாலும் வாய்ப்பிழந்த லெ ஜாந்திக்கு அது முற்றிலும் பொருந்தியது. இரு வாரங்களுக்கும் மேலாக அவரால் எழுதுகோலை எடுக்க இயலவில்லை. ஆயினும் அன்று நிகழ்ந்ததை அவர் மறைக்காமல் எழுதினார். காணாத ஒன்றைக் கண்டதாகக் காட்டும் எண்களை அவர் படைக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

1769ஆம் ஆண்டு இடைநகர்வைக் கேப்டன் ஜேம்சு குக்கின் குழுவினர் தாகித்தித் தீவிலிருந்து அளந்தனர். பிரெஞ்சு அறிஞர் சாப் தொத்தரோசு கலிபோர்னியத் தீபகற்பத்தில் வெற்றியுடன் அளந்தபின், சில வாரங்களில் அங்குப் பரவிய கொள்ளை நோயால் இறந்தார். பல நாட்டு அளவீடுகளையும் இணைத்து லாலாந்து என்பார் 1771இல் கணித்த சூரியத் தொலைவு ஏறத்தாழ 15 கோடியே 30 இலட்சம் கிலோமீட்டர் ஆகும். இன்றைய அளவு 14 கோடியே 96 இலட்சம் கிலோமீட்டர்.

இறந்தவராகக் கருதப்பட்டவர்

நோயுற்ற உடலுடன் 1770இல் லெ ஜாந்தி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். அவர் ஏறிய கப்பல் புயலில் சிதைந்து மொரீசியசுத் தீவுக்கே திரும்பியது. பின்னர் எசுப்பானியக் கப்பல் ஒன்றில் காதிசுத் துறைமுகத்தை அடைந்து, 1771 அக்டோபரில் பிரனீசு மலையைக் கடந்து தாய்நாட்டில் கால்வைத்தார். அவர் ஊரை விட்டுப் பதினொன்றரை ஆண்டுகள் கடந்திருந்தன.

அவர் இறந்துவிட்டார் என நம்பிய உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவருடைய இருக்கை பிறருக்குச் சென்றிருந்தது. தம் உடைமைகளுக்காக நீதிமன்றம் ஏறிய அவர், வழக்குச் செலவையும் தாமே ஏற்க நேர்ந்தது. காலப்போக்கில் கழகம் அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. திருமணம் செய்து, மகள் ஒருத்திக்குத் தந்தையாகிப் பாரிசு ஆய்வகத்தில் அமைதியாக வாழ்ந்தார். இந்தியக் கடல்களில் மேற்கொண்ட பயணத்தை 1779, 1781 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1792ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் மறைந்தார்.

எஞ்சி நிற்பவை

லெ ஜாந்தியின் காலத்தில் ஒளிப்படக்கலை இல்லை. கண் கண்டதைக் கை எழுத வேண்டும். கண் தவறவிட்டால் மீட்க வழியில்லை. 1874ஆம் ஆண்டு இடைநகர்வில்தான் ஒளிப்படக் கருவி பெருமளவில் பயன்பட்டது. அவ்வாண்டு நிகழ்வை நம் நாட்டு மக்களுக்கு விளக்கச் சென்னை ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி சிறுநூல் எழுதினார். இன்று வீட்டு மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, வியாழனின் பட்டைகளையும் செம்புள்ளியையும் படம்பிடிப்போர் உள்ளனர். அக்கோள் விரைந்து சுழல்வதால் சில நிமிடங்களுக்குள் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, காற்றின் நடுக்கம் அடங்கிய கணங்களில் பதிந்தவற்றை மட்டும் தேர்ந்து அவர்கள் ஒன்றிணைக்கின்றனர். கருவிகள் மாறின, ஆனால் கோள் யாருக்காகவும் நிற்பதில்லை என்பதும், முகில் யாரிடமும் கேட்டு வருவதில்லை என்பதும் மாறவில்லை.

2012 சூன் 6ஆம் நாள் தமிழகத்தில் சூரியன் உதித்தபொழுது, 1769இல் போலவே வெள்ளி ஏற்கெனவே அதன்மீது ஊர்ந்துகொண்டிருந்தது. அடுத்த இடைநகர்வு 2117 திசம்பரில்தான் நிகழும். லெ ஜாந்தி தேடிவந்த அளவு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் அவர் அளந்த கரைகளும், குறித்த காற்றுகளும், தமிழ்க் கணிதரிடம் கற்று உலகிற்கு உரைத்த முறையும் நிலைத்தன. நிலவின் தென்பகுதியில் ஒரு பள்ளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதற்கு அருகிலுள்ள பெரும்பள்ளம், தமிழரின் கணிதத்தை அவர்வழி அறிந்த பாய்யியின் பெயரைத் தாங்கியுள்ளது.